பேசுக

வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பிரிவில் அவள் சேர்ந்த முதல் நாளே சூப்பிரண்டு ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேஜை முழுக்கத் தேடுகிற மனிதர் அவர்.

"இங்க பாரும்மா. கையெழுத்துக்கு மேல என்ன இருக்கோ, அது போகும். கீழ இருக்கிறது போகாது. படிச்சு அர்த்தம் பண்றது நம்ம வேலை இல்ல. அதுக்கு மேல்மாடியில ஆள் இருக்காங்க."

மேல்மாடியில் இருப்பவர்களும் படிப்பதில்லை என்று தெரிவதற்கு அவளுக்குப் பத்து நாள் பிடித்தது. பிற்பாடு ஒரு போர் நின்றதற்கும், ஒரு மனிதர் நாட்டுக்கே பெரியவர் ஆனதற்கும், அவர் பெயரில் நான்கு வழிச் சாலை வந்ததற்கும் மூலகாரணம் சூப்பிரண்டின் இந்தப் பாடம்தான். சூப்பிரண்டு பெயரில் ஒரு முட்டுச்சந்துகூட இல்லை.

அப்போது போர் இரண்டாம் வருடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஆறு. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலம் யாருக்கு என்பதில்தான் சண்டை. இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே மொழி. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளலாம் என்பதைத் தவிர அதனால் வேறு பிரயோஜனம் எதுவும் ஏற்படவில்லை. அவளுடைய தம்பி பட்டாளத்தில் டெலிபோன் கம்பி இழுக்கிற வேலையில் இருந்தான். கம்பியை இழுத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டிப் போய்விட்டான். அக்கரைக்காரர்கள் கம்பியோடு சேர்த்து அவனையும் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தொரு வயது. வீட்டில் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, பாகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து, "யாரும் தொடாதீங்க, லீவுல வந்து கூட்டித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்.

மேல்மாடியில் ஒரு துணைச் செயலாளர் இருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல குடும்பம். மூன்றும் இருக்கிற மனிதருக்கு நாலாவதாக ஒன்று தேவைப்படுவதில்லை. கோப்பில் 'சரி' என்று எழுதினால் நாளைக்கு வம்பு, 'கூடாது' என்று எழுதினால் இன்றைக்கே வம்பு என்பதை அவர் சின்ன வயதிலேயே கண்டுகொண்டார். அதனால் சிக்கலான கோப்பு எது வந்தாலும் ஒரே சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: 'பேசுக.' இதைப் பற்றி என்னிடம் வந்து பேசுங்கள் என்று அர்த்தம். பேசலாம் என்று யாராவது போனால் வாசலில் டவாலிச் சேவகன் நிற்பான். "ஐயா மீட்டிங்ல இருக்காரு" என்பான். கோப்பு கிடக்கும். கிடக்கிற கோப்பு யாரையும் கடிப்பதில்லை. அலுவலகத்தில் அவருக்குப் 'பேசுகையா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவள் சேர்ந்த பதினோராம் நாள் காலை அக்கரையிலிருந்து ஒரு தந்தி வந்தது. பாலத்தை விட்டு விலகுகிறீர்களா இல்லையா, பகல் பன்னிரண்டுக்குள் பதில் வராவிட்டால் அணையைத் திறந்துவிடுவோம் என்றார்கள். திறந்தால் இக்கரையில் பாதி ஊர் மிதக்கும். அமைச்சர் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்ததால் பேச முடியவில்லை. செயலாளர் எங்கோ ஒரு மன்னர் செத்ததற்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். 'விலகுகிறோம்' என்று ஒரு வரைவும், 'விலக மாட்டோம்' என்று ஒரு வரைவும் வைத்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, கோப்பைத் துணைச் செயலாளர் மேஜைக்கு அனுப்பினார்கள்.

அவர் இரண்டு வரைவையும் தொடவில்லை. மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். 'பேசுக' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். வந்து பேச வேண்டிய பிரிவு அலுவலர் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு. சிவப்புச் சீட்டு ஒட்டிய கோப்பு எங்கேயும் நிற்கக்கூடாது என்பதும் ஒரு விதி. ஆகவே அது உருண்டு உருண்டு பதினொன்று நாற்பதுக்குத் தபால் பிரிவில் வந்து விழுந்தது. சூப்பிரண்டு டீ குடிக்கப் போயிருந்தார். அவள் மட்டும் இருந்தாள்.

கையெழுத்துக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு சொல் இருந்தது. கீழே இரண்டு நீளமான தாள்கள். கீழே இருப்பது போகாது. அக்கரைக்குச் செல்லும் தந்தி இயந்திரத்தில் அந்த ஒரு சொல்லை அடித்தாள், அனுப்பினாள், பதிவேட்டில் நேரம் எழுதினாள். நாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் செய்தாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம், இவ்வளவு பெரிய கோப்பில் இவ்வளவு சின்னப் பதிலா, தந்திக் காகிதமாவது மிச்சம் என்பதுதான்.

அக்கரையில் கலவரமாகிவிட்டது. நிபந்தனை இல்லை, மிரட்டல் இல்லை, 'மேற்படி' இல்லை, 'எனினும்' இல்லை. 'பேசுக.' இதில் என்ன சூது இருக்கிறது என்று பத்துப் பேர் உட்கார்ந்து குடைந்தார்கள். கடைசியில் அங்கே சட்ட வரைவுகளில் சந்திப்பிழை திருத்துகிற இலக்கண வித்துவானைக் கூட்டி வந்தார்கள்.

"வியங்கோள் வினைமுற்று" என்றார் வித்துவான். "நான், நீ, அவன்னு மூணு இடத்துக்கும் பொது. ஐம்பாலுக்கும் பொது. வாழ்த்தா இருக்கலாம், வசவா இருக்கலாம், கட்டளையா இருக்கலாம், கெஞ்சலாவும் இருக்கலாம்."

"இதுல எதுய்யா?" என்று கேட்டார் தளபதி.

"அது எழுதினவர் மனசுக்குத்தான் தெரியும்."

எழுதியவர் மனதில் எதுவும் இல்லை என்பது வித்துவானுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கும் போர் அலுத்துப்போயிருந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை. மூன்று மணிக்குப் பதில் வந்தது: 'பேசுவோம்.' அணை திறக்கவில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்தன.

அமைச்சர் பாதி மரத்த வாயோடு துணைச் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "என்ன சொல் ஐயா அது! ஒரே சொல்!" என்றார். துணைச் செயலாளர் எந்தச் சொல் என்று கேட்க வாயெடுத்தார். ஆனால் தெரியாத விஷயத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்ற நாற்பது வருடப் பழக்கம் அந்த நொடியில் அவரைக் காப்பாற்றியது. பேசாமல் இருந்தார். அந்த மௌனத்தை அமைச்சர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகைகள் 'சமாதானச் சிற்பி' என்று கொட்டை எழுத்தில் போட்டன. ஒரு வாரம் கழித்து அந்தச் சொல்லை மூன்று நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக அவரே பேட்டி கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அதை அவரே நம்பவும் ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஏறிய ஏற்றத்தைச் சொல்லி மாளாது. சமாதானப் பேச்சுக்குத் தலைவர் ஆனார். வெளியுறவுச் செயலாளர் ஆனார். ஓய்வு பெற வேண்டிய வயது வந்ததும், ஓய்வு பெறாமல் இருப்பதற்கென்றே 'நிரந்தர ஆலோசகர்' என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். நான்கு அரசாங்கங்கள் மாறின. ஒவ்வொரு அரசாங்கமும் முந்தையதன் ஆட்களைத் துடைத்தெறிந்தது, அவரை மட்டும் தூசி தட்டி வைத்துக்கொண்டது. பல்கலைக்கழக அறக்கட்டளை, தேசிய அருங்காட்சியகம், குதிரைப் பந்தயச் சங்கம் என்று எங்கே நீளமான மேஜை இருந்ததோ அங்கே தலைமாட்டில் அவர் இருந்தார். யாராவது ஒரு யோசனை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், திறந்து "பேசலாம்" என்பார். ஆழமான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆழம் பார்க்க இறங்கியவர் யாருமில்லை.

பாலத்தின் நடுவே ஒரு கூடாரம் போட்டுப் பேச்சு நடந்தது. முதல் ஒரு வருடம் நாலு மாதம், நடப்பது 'பேச்சா' 'பேச்சுவார்த்தையா' என்பதைப் பற்றியே பேசினார்கள். பேச்சு என்றால் யார் வேண்டுமானாலும் பேசலாம், பேச்சுவார்த்தை என்றால் அக்கரையை நாடாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்றது நம் தரப்பு. கடைசியில் 'உரையாடல்' என்று முடிவாகி இரண்டு தரப்பும் கைதட்டிக்கொண்டார்கள். அடுத்து, பாலத்துக்கு யார் வண்ணம் பூசுவது. போர்க்கைதிகள் விஷயம் பேச வேண்டியவற்றின் பட்டியலில் பத்தாவது இனம். அக்கரையில் நம்மவர்கள் நாற்பத்து மூன்று பேர், நம்மிடம் அவர்கள் முப்பத்தொன்பது பேர். பதினோரு வருடத்தில் உரையாடல் நாலாவது இனத்தைத் தொட்டிருந்தது.

தம்பியிடமிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். அச்சடித்த படிவத்தில் இருபத்தைந்து சொல்லுக்கு மேல் எழுதக்கூடாது. 'நலம். கம்பளி கொடுத்தார்கள். அம்மாவிடம் சொல்லு. ரேடியோவைத் தொடாதீர்கள்' என்று எழுதுவான். எந்தக் கடிதத்திலும் அந்தக் கடைசி வரி தவறாது. அம்மாவும் அந்த பிஸ்கட் டப்பாவைத் தொட யாரையும் விடவில்லை. "அவன் வந்து கூட்டுவான்" என்பாள். ஆறாவது வருடத்திலிருந்து அம்மாவுக்குக் காது மங்கி, எட்டாவது வருடத்தில் சுத்தமாகப் போய்விட்டது. இருபத்தைந்து சொல்லுக்குள் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அவள் அதைத் தம்பிக்குச் சொல்லவே இல்லை.

மனுப் போடாமல் இல்லை. வருடத்துக்கு ஒரு மனு. மேலே போகும், 'பேசுக' என்று வரும், பிரிவு அலுவலரின் அலமாரிக்குள் போய்விடும். அவளிடம் திரும்பி வராது. ஒரு தடவை பிரிவு அலுவலரிடமே போய் நின்றாள்.

"சார், ஐயா பேசச் சொல்லி எழுதியிருக்காரே. நீங்க போய்ப் பேசக்கூடாதா?"

"பேசுகன்னு போட்டிருக்கும்மா, ஒத்துக்கறேன். யாரு பேசணும்னு போட்டிருக்கா? நானா, நீயா, அவரா? நானாப் போயி வாயைக் குடுத்து மாட்டிக்கவா?"

அவளே பேசப் போனாள். பதினோரு வருடத்தில் அவள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு கல்லூரிப் படிப்பை முடித்திருக்கலாம். டவாலிக்கு அவள் மேல் பரிதாபம் உண்டு, ஆனால் பரிதாபத்துக்கு அவன் சம்பளம் வாங்கவில்லை. "மீட்டிங்மா" என்பான், தரையைப் பார்த்துக்கொண்டே.

பிறகு அந்தக் கடிதம் வந்தது.

'அக்கா, நலம். கண் மங்கி வருகிறது. ரேடியோவை வேறு யாரிடமாவது கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அம்மா பாவம், பாட்டுக் கேட்கட்டும்.'

எண்ணிப் பார்த்தாள். பதினான்கு சொல். மீதிச் சொற்களை அவன் பயன்படுத்தவே இல்லை. இத்தனை வருடம் தொடாதே தொடாதே என்றவன் இப்போது தொடு என்கிறான். வரமாட்டோம் என்று முடிவு கட்டிவிட்டான். அவன் சாகப் போகிறேன் என்று எழுதியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அம்மா அந்தக் கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டபோது, அவள் டப்பாவைக் காட்டி, வழக்கம்போல என்று கையசைத்தாள்.

மறுநாள் காலை பன்னிரண்டாவது மனுவை எழுதினாள். 'என் தம்பி, கைதி எண் இருபத்தேழு, பதினோரு ஆண்டுகளாக அக்கரையில் இருக்கிறான். அவனை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்க வேண்டுகிறேன்.' இத்தனை வருடம் எழுதிய 'பணிவார்ந்த', 'மேலான கவனத்துக்கு' எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். ஒரு கோப்பு அட்டைக்குள் வைத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள்.

அன்றைக்கு ஐயா உண்மையிலேயே உள்ளே இருந்தார். மீட்டிங்கில் இல்லை. அமைச்சகத்தின் பெரிய மண்டபத்தில் மாட்டுவதற்காக அவரை ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 'அந்தச் சொல்லை எழுதிய தருணம்' என்பதுதான் ஓவியத்தின் பொருள். கதவு பாதி திறந்திருந்தது. ஓவியர் தூரிகையோடு பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "மேஜை வெறிச்சுன்னு இருக்குங்களே. ஒரு கோப்பு இருந்தா நல்லாருக்கும்" என்றார். ஐயாவின் மேஜையில் எந்தக் கோப்பும் ஒரு நிமிடத்துக்கு மேல் தங்கியதில்லை. டவாலி பதறிக்கொண்டு வெளியே வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"குடும்மா அதை. ஐயாவுக்கு அவசரமா ஒரு கோப்பு வேணுமாம்."

அவளுடைய கோப்பை அந்த அறை கேட்டு வாங்கியது அதுவே முதல் தடவை.

"எழுதற மாதிரி கையை வைங்கய்யா" என்றார் ஓவியர். ஐயா பேனாவைத் திறந்தார், தாளின் அடியில் வைத்தார். முகத்தில் சிந்தனையை வரவழைத்தார். எழுதுகிற மாதிரிதான் வைத்தார், ஆனால் அந்தக் கைக்கு மாதிரி, நிஜம் என்ற வித்தியாசம் தெரியாது. தாளில் பேனா பட்டால் அது எழுதுகிற சொல் ஒன்றுதான். எழுதியது. கையெழுத்தும் போட்டது.

அரைமணி கழித்து டவாலி கோப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வராந்தாவிலேயே பிரித்துப் பார்த்தாள். வழக்கமான சொல். வழக்கமான கையெழுத்து. அழலாமா என்று இருந்தது. அப்போதுதான் அது உறைத்தது. இத்தனை வருடமும் கையெழுத்தான மனு அவள் கைக்கு வந்ததே இல்லை, அலமாரிக்குத்தான் போயிருக்கிறது. இன்றைக்கு அவள் கையில் இருக்கிறது. கையெழுத்துக்கு மேல் என்ன இருக்கிறது? அவள் தம்பி இருக்கிறான்.

படி இறங்கும்போது கணக்குப் போட்டாள். வேலை போகும். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. காது கேட்காத அம்மாவை வைத்துக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். தபால் பிரிவில் சூப்பிரண்டு டீ குடிக்கப் போயிருந்தார். இந்த நாட்டின் பெரிய காரியங்கள் எல்லாம் அவர் டீ குடிக்கிற நேரத்தில்தான் நடந்திருக்கின்றன. அவள் தந்தி இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கையெழுத்துக்கு மேல் இருந்த அத்தனையையும், ஒரு எழுத்து விடாமல், அடித்தாள். கடைசியில் 'பேசுக.' பதிவேட்டில் நேரம் எழுதினாள். முதல் தடவை தெரியாமல் செய்ததை இந்தத் தடவை தெரிந்தே செய்தாள்.

அக்கரையில் மறுபடி கலவரம். பதினோரு வருடமாக நானூறு பக்கம் நானூறு பக்கமாக அனுப்பிய மனிதர் திடீரென்று மறுபடி அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார். போன தடவை அந்தச் சொல் ஒரு போரை நிறுத்தியது. இந்தத் தடவை அதைத் தட்டிக்கழித்தால் என்ன ஆகுமோ? மறுநாள் காலை அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது: 'ஒருவரா, அனைவருமா?'

வருகிற தந்தியும் தபால் பிரிவுக்குத்தான் வரும். அவள் கோப்பில் வைத்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, தானே மேலே கொண்டுபோனாள். ஐயா ஒரு மலர்க் கண்காட்சியைத் திறந்துவைக்கக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கோப்பை வாங்கினார். கேள்வி என்பது தெரிந்தது, என்ன கேள்வி என்று படிக்கவில்லை. தந்திக்கு மேலே அவள் வைத்திருந்த வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். கார் போயிற்று. அவள் வாசலிலிருந்து நேரே இயந்திரத்துக்குப் போனாள். 'பேசுக.'

அக்கரையில் இலக்கண வித்துவான் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். வண்டி அனுப்பி அழைத்து வந்தார்கள். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே. ஐம்பாலுக்கும் பொதுன்னா ஒருமைக்கும் பொது, பன்மைக்கும் பொது. ஒருத்தரைச் சொல்லியிருந்தா வேற விகுதி போட்டிருப்பாரு. எல்லாரையும்தான் சொல்றாரு" என்றார். இலக்கணத்தால் நாட்டுக்கு என்ன உபயோகம் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். மாலைக்குள் பதில் வந்தது. நாற்பத்து மூன்று பேரையும் வெள்ளிக்கிழமை பாலத்தில் ஒப்படைக்கிறார்கள்.

பிரதமர் ஐயாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கொண்டாடினார். அவர்களுடைய முப்பத்தொன்பது பேரையும் அதே நாளில் விட உத்தரவாயிற்று. ஐயா வழக்கப்படி பேசாமல் இருந்தார். ஆனால் தொலைபேசியை வைத்ததும் முதல் வேலையாகத் தபால் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

டவாலி கதவைத் திறந்துவிட்டான். பதினோரு வருடம் கழித்து அவள் உள்ளே போனாள். எதிர்பார்த்ததைவிடச் சின்ன அறை. மூலையில் பாதி தீட்டிய ஓவியம், முகம் மட்டும் முடிந்திருந்தது.

"நீதானாம்மா தபால் பிரிவு? யாரைக் கேட்டு இதை அனுப்பினே?"

"நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு மேல என்ன இருந்துச்சோ, அதை அனுப்பினேங்கய்யா. அதான் விதி."

"நான் பேசுகன்னு எழுதினா, இங்க இருக்கிறவங்க வந்து எங்கிட்ட பேசணும்னு அர்த்தம்! அக்கரைக்காரனுக்கு எழுதினதா அது? இதுகூடத் தெரியாம இத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தே?"

அவளுக்கு வாயில் வந்துவிட்டது.

"அப்ப முதல் தடவையும் அப்படித்தானுங்களாய்யா?"

ஐயா அவளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அந்த நல்ல குரல் எங்கோ போய்விட்டது.

"அன்னிக்கும்… நீதானா?"

"அப்ப எனக்குப் பத்து நாள் சர்வீஸுங்கய்யா. வெள்ளைத்தாள்ல அந்த ஒரு சொல்தான் இருந்துச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சாலை, பதவி, நீளமான மேஜைகள், மூலையில் நிற்கிற ஓவியம் எல்லாமே தபால் பிரிவில் ஒரு பெண் விதியைக் கடைப்பிடித்ததால் வந்தவை. அவளைத் தண்டித்தால் ஏன் என்று கேட்பார்கள். விட்டுவிட்டாலும் ஏன் என்று கேட்பார்கள். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இது வெளியில யாருக்காவது தெரியுமா?"

"படிச்சு அர்த்தம் பண்றது எங்க வேலை இல்லீங்கய்யா."

சூப்பிரண்டு அதற்குள் அவள்மேல் ஒரு மெமோ தயார் செய்து உள்ளே அனுப்பியிருந்தார். அனுமதியின்றி அரசாங்கத் தந்தி, விளக்கம் தேவை. ஐயா அதை முன்னால் இழுத்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கோப்பை முழுதாகப் படித்தார். பேனாவைத் திறந்தார். அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நகர்த்தினார்.

'பேசுக.'

அந்த மெமோ இன்றுவரைக்கும் அலமாரியில் பத்திரமாகக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை பாலத்தில் பாண்டு வாத்தியம், கேமரா, கம்பளம். நாற்பத்து மூன்று பேரும் நடந்து வந்தார்கள். தம்பி இருபத்தேழாவதாக வந்தான். தலையில் நரை. எதிரில் இருப்பதைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். ஐயா முன்னால் போய் அவனைக் கட்டிப்பிடித்தார். படம் சரியாக விழவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் சொன்னதால் மறுபடி கட்டிப்பிடித்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அனுமதிச் சீட்டு இல்லை.

பஸ்ஸில் வரும்போது தம்பி கேட்டான். "யாருக்கா அந்த ஆளு? விலா எலும்பு நொறுங்கற மாதிரி அமுக்கிட்டாரு."

"உன்னை மீட்டுக் கொண்டுவந்தவருடா."

"என்னைக் கொண்டுவந்தது ஒரு லாரிக்கா. டிரைவர் நல்ல மனுஷன்."

வீட்டு வாசலில் அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பேசுடா, ஏதாவது பேசுடா" என்று கத்தினாள். அவன் பேசினான். அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் திரும்பி அக்காவைப் பார்த்தான். "இருபத்தஞ்சு சொல்லுல எப்படிடா எழுதுவேன்" என்றாள் அவள். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அம்மா பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ரேடியோவைக் கூட்ட அவனுக்கு நாலு நாள் பிடித்தது. கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித் தடவிச் செய்தான். கம்பி சிவப்பா பச்சையா என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை ரேடியோவின் முள்ளுக்குப் பின்னால் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. கரகரவென்று இரைந்து, இரைந்து, பிறகு தெளிவாக ஒரு குரல் வந்தது. நல்ல குரல்.

'…பதினோரு ஆண்டுகள் சிந்தித்தேன். ஒவ்வொரு கைதியின் முகமும் என் கண்முன் நின்றது. உரிய தருணம் வரும்வரை காத்திருந்தேன். பொறுமையே ராஜதந்திரத்தின்…'

அம்மா விளக்கைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து ரேடியோவின் மேல் கையை வைத்தாள், அது அதிர்வது தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"பேசுதாடா?"

அவன் தலையாட்டினான்.

"என்னடா சொல்றான்?"

தம்பி கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டான். பிறகு அம்மாவின் காதோரம் குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

"ஒண்ணும் சொல்லலம்மா. பேசுறான்!"